காத்தாடி யார் பேர்ல சுத்துது?

மின்சாரத்தைப் பற்றி நம்ம பத்திரிகைகள் எழுதினால் ரெண்டு விசயம்தான் வரும். அணு உலை வேண்டாம் என்று ஒன்று. கரண்ட் பில் ஏறிப்போச்சு என்று இன்னொன்று. ரெண்டுமே எழுத வேண்டியவைதான். ஆனால் இந்தக் கரண்ட் எங்கிருந்து வருது, எப்படி வருது, அதில் யாருக்கு என்ன போகுது என்கிற பேச்சை மொத்தமாக எஞ்சினியர்களிடமும் மில் முதலாளிகளிடமும் விட்டுவிட்டோம். தலித் இயக்கம் நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறது, கோயிலைப் பற்றி, சுடுகாட்டைப் பற்றி, இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறது. மின்சாரத்தை ஏன் விட்டது? நான் அவிநாசிபாளையத்துக்காரன், பனியன் கம்பெனியில் பதினேழு வருசம் பவர்டேபிள் ஓட்டியவன். எங்களுக்குக் கரண்ட் என்றால் கூலி. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவனுக்கு மோட்டார் நின்றால் கணக்கும் நின்றுபோகும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விசயத்தைத் தெளிவாக்கிவிடலாம். மின்சாரம் தயாரிப்பது பெரிய மர்மம் இல்லை. 1831இல் இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே கண்டுபிடித்துச் சொன்னதுதான்: காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் நடுவில் அசைவு இருந்தால் கம்பியில் மின்சாரம் ஓடும். ஒரு புத்தகக் கடைக்காரரிடம் எடுபிடியாக இருந்து புத்தகம் கட்டப் படித்த, பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒருத்தர் இதைக் கண்டுபிடித்தார் என்பதை நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லணும். அதற்கப்புறம் எல்லாமே எதை வைத்துச் சுத்துகிறோம் என்பதுதான். மலையிலிருந்து விழுகிற தண்ணி சுத்தினால் நீர்மின்சாரம். நிலக்கரியை எரித்து, தண்ணியைக் கொதிக்க வைத்து, ஆவியை விட்டுச் சுத்தினால் அனல்மின்சாரம். அணு உலையும் கடைசியில் தண்ணி கொதிக்க வைக்கிற அடுப்புதான், அடுப்பு மட்டும் பயங்கரமானது. காத்து சுத்தினால் காத்தாடி. சூரியப் பலகை ஒன்றுதான் சுத்தாமல் தருவது. சுத்துவதற்கு ஒரு சக்தி வேண்டும், அதற்கு ஓர் இடம் வேண்டும், இடத்துக்குப் பட்டா வேண்டும். அங்கேதான் நம்ம கதை ஆரம்பிக்கிறது.

கொங்கு நாட்டுக்கு மின்சாரம் வந்தது நீலகிரியிலிருந்து. 1932-33இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அதைக் கட்டியது சென்னை மாகாண அரசாங்கம், அதாவது பொதுப்பணம். அந்தக் கம்பி கோயமுத்தூருக்கு இறங்கியதும் பஞ்சாலைகள் வரிசையாக முளைத்தன. 1937இல் மேட்டூர் அணையிலும் மின்சாரம் எடுத்தார்கள். பிறகு தோட்டங்களுக்கு மோட்டார் வந்தது. இந்த இடத்தில் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாம், கடின உழைப்பாளியான கொங்கு விவசாயி, வறண்ட பூமியைப் பச்சையாக்கினான் என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். மோட்டாருக்கு முன்னால் தண்ணி எப்படி மேலே வந்தது என்று கேட்டால், கவலை இறைத்தார்கள் என்பார்கள். கவலைக்குள் யார் இருந்தார்கள்?

கவலை என்றால் ரெண்டு எருது, வடக்கயிறு, ஒரு சால், சாலுக்கு அடியில் தோலில் தைத்த தும்பி. அந்தத் தும்பி இல்லாவிட்டால் தண்ணி வாய்க்காலில் விழாது. செத்த மாட்டைத் தூக்கிக்கொண்டு போய், உரித்து, தோலைப் பதம்போட்டு, தும்பி தைத்துக் கொடுத்தது மாதாரிகள், அருந்ததியர். என் தாத்தாவுக்கு அதுதான் வேலை. சாயங்காலம் கிழிந்துபோனால் ராத்திரியே ஆள் வந்து நிற்கும். கூலி காசாகக் கிடையாது. அறுப்பு முடிந்து களத்தில் அள்ளிப் போடுகிறதுதான். அது எவ்வளவு என்பது பண்ணாடியின் கை அகலத்தையும் அன்றைக்கு அவருக்கு இருந்த மனசையும் பொறுத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. செத்த மாட்டுத் தோல் வழியாக வந்த தண்ணி தீட்டில்லை. வயலுக்கும் போகும், வீட்டுக்கும் போகும். அந்தத் தோலைத் தைத்தவன் கிணத்து மேட்டில் ஏறித் தண்ணி சேந்தினால் தீட்டு. இந்தப் பொறியியலைக் கண்டுபிடிக்க எந்தப் பாரடேயும் வேண்டியிருக்கவில்லை.

மோட்டார் வந்ததும் தும்பி போனது. ஒரு தொழில் ஒரே தலைமுறையில் இல்லாமல் போயிற்று. நட்ட ஈடு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது சில இயற்கை விவசாயத் தோழர்கள் கவலை இறைப்பைப் படம் பிடித்துப்போட்டு, ஆகா அந்தக் காலம் என்று பெருமூச்சு விடுகிறார்கள். நான் விட மாட்டேன். தும்பி போனதுக்காக எங்க வீட்டில் யாரும் அழுததில்லை. தோல் நாத்தத்திலிருந்தும் ராத்திரிக் கூப்பாட்டிலிருந்தும் எங்க அய்யாவை விடுவித்தது அஞ்சு குதிரைச் சக்தி மோட்டார்தான். அவர் பிறகும் பண்ணையத்துக்குத்தான் இருந்தார், அது வேறு விசயம். என்னைப் பண்ணையத்திலிருந்து வெளியே இழுத்துப் போட்டது பவர்டேபிள், அதுவும் கரண்ட்டில் ஓடுவதுதான். பல்லடம் பக்கம் தறிக்குடோனில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட எங்க சொந்தக்காரர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். அவர்களுக்குப் பண்ணாடி போய்த் தறிக்காரர் வந்தார். ஆனாலும் ஊருக்குள் செருப்பைக் கழட்டாமல் நடக்கிற தைரியம் திருப்பூர்க் கூலியில் வந்தது. மின்சாரத்தின் நன்மை என்னவென்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மோட்டாருக்கு வருகிறேன். 1970இல் விவசாயத்துக்கான மின்கட்டணத்தை அரசு ஏற்றியது. கொங்கு விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், நாராயணசாமி நாயுடு தலைமையேற்றார். அந்த வருசம் ஜூன் 19ஆம் தேதி, எங்க ஊருக்கு வடக்கே இருக்கிற பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று பேர் செத்தார்கள். அந்த மூன்று சாவை நான் சிறுமைப்படுத்தவில்லை. போலீஸ் குண்டு யார்மேல் பட்டாலும் குண்டுதான். 1972இல் கோயமுத்தூரையே மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். அந்தப் போராட்டம் சும்மா போகவில்லை. 1984இல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம். 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம், அஞ்சு ஏக்கர்காரனுக்கும் அய்ம்பது ஏக்கர்காரனுக்கும் ஒன்றுபோல. பெருமாநல்லூருக்கு ஒன்றரை வருசம் முன்னால், 1968 டிசம்பர் 25இல், கீழத்தஞ்சை வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். மோட்டாருக்குக் கேட்டவர்களுக்கு முழுசும் கிடைத்தது. கூலிக்குக் கேட்டவர்களுக்கு நினைவுத்தூண் கிடைத்தது.

இலவச மின்சாரம் கூடாது என்கிற உலக வங்கிப் பேச்சை நான் பேசவில்லை. அது யாருக்கு இலவசம் என்றுதான் கேட்கிறேன். மோட்டார் இருக்கிறவனுக்கு. மோட்டாருக்குக் கிணறு வேண்டும், கிணத்துக்கு நிலம் வேண்டும். தலித்துகளுக்கு விவசாய மின் இணைப்பை விரைவாக வாங்கித்தர தாட்கோ மானியம் இருக்கிறது, நல்ல திட்டம்தான். எங்க வளவில் விண்ணப்பம் போட ஒருத்தரும் இல்லை. விண்ணப்பத்தில் முதல் கட்டமே சர்வே எண்.

இந்த இடத்தில் அம்பேத்கரைக் கொண்டுவராமல் முடியாது. அவரைச் சட்டப் புத்தகத்தோடு சிலையில் நிறுத்திவைத்ததில் நாம் மறந்துபோன அம்பேத்கர் ஒருவர் உண்டு. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பொதுப்பணியும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1943 அக்டோபர் 25இல் போருக்குப் பிந்தைய மின்சார வளர்ச்சி பற்றிய கொள்கைக் குழுவுக்குத் தலைமை ஏற்றுப் பேசினார். மின்சாரம் தனியார் கையில் இருக்கவேண்டுமா அரசின் கையிலா என்ற கேள்வியை அங்கேயே எடுத்துப் போட்டார். இந்தியாவுக்கு மலிவான, தாராளமான மின்சாரம் ஏன் வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணம் விளக்கு எரிப்பதற்கு என்பதல்ல. தொழில் வளராமல் விவசாயத்தையே நம்பிக் கிடக்கிற சனங்கள் வறுமைச் சுழலை விட்டு ஏறவே முடியாது, மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது என்பதுதான் அவர் வாதம். 1944இல் மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் அமைந்தது அவர் காலத்தில். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டதில் அவர் கை உண்டு. 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய கோரிக்கை மனுவில், அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக இருக்கவேண்டும், அதை அரசியல் சட்டத்திலேயே எழுதவேண்டும் என்றார். கிராமத்தை விட்டு வெளியேறு என்று சொன்னவர், வெளியேறுவதற்குப் பாதையாக மின்சாரத்தைப் பார்த்தார். என் தாத்தாவின் தும்பியையும் என் பவர்டேபிளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிகிறது.

இப்போது காத்தாடிக்கு வருவோம். கோயமுத்தூர்–கரூர் ரோடும் திருப்பூர்–தாராபுரம் ரோடும் வெட்டிக்கொள்கிற நாற்சந்தி எங்க ஊர். தெற்கே குண்டடம், தாராபுரம் என்று போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் காத்தாடி. மேற்கே கேத்தனூர், பூளவாடி, உடுமலை என்று போனாலும் அதேதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் பெரிய வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் புகுந்து எங்க காடு கரையெல்லாம் அடித்துக்கொண்டு போகும். வைகாசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை. ஆடிக் காத்தில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஆடிக் காத்தில் வருமானவரி பறந்ததைத்தான் நாம் கவனிக்கவில்லை.

எப்படி என்று சொல்கிறேன். 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் அரசு சோதனைக்காகக் காத்தாடிகள் நட்டது. பிறகு தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். 90களில் காத்தாடி வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் வருசமே தேய்மானமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று வருமானவரிச் சலுகை. கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். ஒரு முதலாளிக்கு அந்த வருசம் 2 கோடி லாபம். 2 கோடிக்குக் காத்தாடி வாங்கினால் வருமானவரிக் கணக்கில் லாபம் பூஜ்யம். நூறு சதவீதம் என்பது பிறகு 80 ஆனது, 2012இல் நிறுத்தினார்கள், 2014இல் திரும்பக் கொடுத்தார்கள், 2017இல் 40 ஆக்கினார்கள். பஞ்சாலைகளும் பனியன் கம்பெனிகளும் இங்கே காத்தாடி நட்டது காத்தின்மேல் வந்த காதலால் இல்லை. செப்டம்பர் கடைசிக்குள் நட்டால் முழுத் தேய்மானம், அதற்குப் பிறகு நட்டால் அந்த வருசம் பாதி. தேதி பார்த்து நட்டார்கள்.

சலுகை அதோடு முடியவில்லை. ஆடியில் அளவுக்கு மீறி வருகிற மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் 'வங்கி' போட்டுவைத்து, காத்தில்லாத மாசத்தில் எடுத்துக்கொள்ளலாம். கூட வருகிறபோது வாங்கிக்கொண்டு, பற்றாக்குறை நேரத்தில் திருப்பித் தருகிற பாரம் வாரியத்துக்கு. வாரியத்தின் நட்டம் யார் தலையில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2003 மின்சாரச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் தயாரிக்க உரிமமே வேண்டாம் என்றது. 2005 விதிகளில், 26 சதவீதப் பங்கு வைத்திருந்து 51 சதவீத மின்சாரத்தை எடுத்துக்கொண்டால் பல கம்பெனிகள் சேர்ந்தும் அதைச் 'சொந்த உபயோகம்' என்று காட்டலாம். தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. எங்க தேவையைவிட அதிகமாகப் பசுமை மின்சாரம் தயாரிக்கிறோம் என்று திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அய்ரோப்பியக் கடைக்காரனுக்கு அந்தப் பெருமை சட்டையோடு சேர்த்து விற்கப்படுகிறது.

காத்தாடி கெட்டது என்று நான் சொல்லவில்லை. புகை இல்லை, சாம்பல் இல்லை. சலுகை இல்லாதிருந்தால் இத்தனை காத்தாடி வந்திருக்காது என்பதும் உண்மைதான். என் கேள்வி சின்னது. வரவேண்டிய வரியை விட்டுக்கொடுத்தது பொதுப்பணம் என்றால், காத்து ஒருத்தன் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை என்றால், காத்தாடி மட்டும் எப்படி ஒருத்தன் பேரில் சுத்துகிறது? பைக்காராவில் அரசு முதல் போட்டது, நிலையமாவது அரசு பேரில் இருந்தது. இங்கே அதுவும் இல்லை. எங்க வளவுக்காரர் ஒருத்தர் குண்டடம் பக்கம் காத்தாடிக்குக் காவல் இருக்கிறார்.

"ஏனுங் மாமா, உங்க ஊட்ல கரண்ட் போயிருச்சாமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போயிருச்சு மாப்ளே. காத்தாடி சுத்திட்டுத்தான் இருக்குது" என்றார்.

2012ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு. எங்களுக்குப் பல நாள் 12 மணி நேரத்துக்கும் மேல். பெரிய கம்பெனிகள் ஜெனரேட்டர் போட்டன. சின்ன யூனிட்டில் நாங்கள் டேபிளுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தோம். கரண்ட் வந்தால் எழுப்புவார்கள், ராத்திரி ஒரு மணிக்கும். படுத்துக்கிடந்த நேரத்துக்குக் கூலி இல்லை, கம்பெனியை விட்டுப் போகவும் கூடாது.

மற்ற வழிகளில் கதை வேறு மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால், இல்லை. நெய்வேலியில் 1962இல் முதல் அலகு ஓடியது, பழுப்பு நிலக்கரிக்கு ஊர்கள் காலியாயின. தமிழ்நாட்டு அனல் நிலையங்கள் பலவற்றுக்கு நிலக்கரி ஒடிசாவிலிருந்து வருகிறது, ஆதிவாசிகள் காட்டைத் தோண்டி. கூடங்குளம் 2013இல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தபோது இடிந்தகரை மீனவர்கள்மேல் வழக்குகள் குவிந்திருந்தன. சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து எங்க பக்கத்துப் புகளூருக்கு 800 கிலோவோல்ட் கம்பி 2021இல் முழுசாக வந்து சேர்ந்தது. அதற்கான கோபுரங்கள் தோட்டத்தில் நடப்பட்டதை எதிர்த்து 2018இல் கொங்கு விவசாயிகள் போராடினார்கள், நியாயமான போராட்டம். இழப்பீடு பட்டாவுக்கும் மரத்துக்கும் கணக்கிடப்பட்டது. அந்தத் தோட்டத்தில் களை எடுத்தவள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

சரி, சூரியன்? அதற்காவது பட்டா வேண்டாமே என்று நினைத்தேன். 2024இல் ஒன்றிய அரசு கூரைமேல் சூரிய மின்சாரம் என்று திட்டம் அறிவித்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். யாருக்கு? சொந்தக் கூரையும் சொந்தப் பேரில் இணைப்பும் உள்ளவருக்கு. திருப்பூரில் தைக்கிறவர்களில் எத்தனை பேருக்குக் கூரை சொந்தம்? நாங்கள் இருப்பது லைன் வீடு. எட்டு ரூம், ஒரே சர்வீஸ், ஆளுக்கொரு சப்-மீட்டர். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இலிருந்து அரசு தருவது அந்த ஒரு சர்வீசுக்கு ஒரு தடவைதான். எட்டு வீட்டு யூனிட்டும் ஒன்றாகக் கூடி மேல் சிலாபுக்கு ஏறிவிடுகிறது. நான் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கெட்டவர் என்றுகூடச் சொல்ல முடியாது, அவருக்கு வருகிற பில்லே அப்படி. ஆக மாநிலத்திலேயே குறைவாகக் கரண்ட் செலவழிக்கிறவன் பணக்காரன் கட்டுகிற ரேட்டைக் கட்டுகிறான். ஊரில் என்ன என்றால், 2011இல் பசுமை வீடு என்று 300 சதுர அடியில் கட்டிக்கொடுத்து, சூரிய சக்தியில் அஞ்சு விளக்கும் கொடுத்தார்கள். நான் பார்த்த வீடுகளில் பேட்டரி செத்து வருசமாகிவிட்டது. பலகை மேல் வத்தல் காய்கிறது.

இதெல்லாம் தெரிந்ததுதானே, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்கிற மாணவத் தோழர்களுக்கு ஓடந்துறையைச் சொல்வேன். மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு ஊராட்சி. சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006இல், 1 கோடியே 55 லட்ச ரூபாய்க்கு ஊராட்சியே ஒரு காத்தாடி வாங்கியது. 350 கிலோவாட். ஊராட்சியின் சேமிப்புப் பணம் கொஞ்சம், மீதி வங்கிக் கடன். நட்டது எங்க மாவட்டத்தில், உடுமலைப் பக்கம் மைவாடியில். தெருவிளக்குக்கும் குடிதண்ணி மோட்டாருக்கும் போக மிச்சத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள். ஊராட்சிக்கு வருமானவரி கிடையாது. அதனால் தேய்மானச் சலுகையால் அதற்கு ஒரு பைசா பிரயோசனமில்லை. லாபம் உள்ளவனுக்குத்தான் அரசு உதவி, லாபமில்லாத பொதுச் சொத்துக்கு உதவி கிடையாது என்று எழுதாமலே எழுதியிருக்கிறார்கள். அப்படியும் ஓடந்துறை காத்தாடி ஓடியது.

ஊராட்சி பேரில் என்றால் உடனே நமக்கு விடிந்துவிடுமா? 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் வெட்டப்பட்டதைக் கண்டவர்கள் நாம். ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலி கிடைக்காத தலித் தலைவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதனால் நான் கேட்பது ஊராட்சியோடு நிற்கவில்லை. 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு ஒரு தனிச் சட்டம் நிறைவேற்றியது. அந்த நிதி வேறு வேலைக்குத் திருப்பப்படுகிறது என்று நாம் எத்தனையோ வருசமாகக் கத்தியதன் பலன் அது. அதே 2024இல் மின்வாரியத்திலிருந்து பசுமை மின்சாரத்துக்கென்று தனி அரசு நிறுவனம் பிரிக்கப்பட்டது. இந்த ரெண்டையும் ஏன் இணைக்கக் கூடாது? ஒரு மெகாவாட் சூரிய நிலையத்துக்கு 4, 5 ஏக்கர் போதும். இந்த வெயிலில் வருசத்துக்குச் சுமாராக 15 லட்சம் யூனிட் கிடைக்கும். ஒரு வீட்டுக்கு மாசம் 100 யூனிட் என்று வைத்தால் 1,250 வீடு. எங்க ஒன்றியத்தில் எத்தனையோ வளவுகளுக்கு அது போதும். அதை வளவுப் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பேரில் பதிவு செய்யணும். கம்பி வாரியத்துடையது, கவனிப்பு அரசு நிறுவனத்துடையது, சொத்து சங்கத்துடையது. கூரை இல்லாதவருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. எங்கோ உள்ள பலகையில் வருகிற யூனிட்டை உன் பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே விதி போட்டது. லைன் வீட்டுக்காரனுக்குத் தனி சர்வீஸ் மட்டும் கொடுத்தால் போதும்.

தனியார்மயம் வேண்டாம், வாரியத்தைக் காப்போம் என்கிற தொழிற்சங்கத் தோழர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அந்தக் கொடியையும் நான் பிடிப்பேன். ஆனால் வாரியம் அரசுடையதாக இருந்த இத்தனை வருசத்தில் எங்க வளவுக்குக் கம்பி கடைசியாகத்தான் வந்தது. ஊருக்குள் முதலில் கம்பம் நடுவார்கள், வளவுக்கு வரும்போது கம்பம் தீர்ந்துபோயிருக்கும். அரசுடைமைக்குள்ளேயும் ஊர் ஒன்று, சேரி ஒன்று இருக்கிறது. அதனால்தான் சங்கத்தின் பேரில் கேட்கிறேன்.

அவிநாசிபாளையம் வட்டாரத்தில் நாங்கள் ஆரம்பித்திருப்பது இவ்வளவுதான். வளவு வளவாகப் போய், எத்தனை வீட்டுக்கு இணைப்பு, யார் பேரில் இணைப்பு, எத்தனை சப்-மீட்டர், யூனிட்டுக்கு என்ன ரேட் என்று நோட்டில் குறிக்கிறோம். வட்டாரத்தில் எத்தனை காத்தாடி, எந்தச் சர்வே எண்ணில், எந்தக் கம்பெனி பேரில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி வைத்திருக்கிறோம். மே 1 கிராம சபையில் வைக்கிற தீர்மானத்தின் வாசகமும் தயார். மின்வாரியத்தில் வேலை பார்க்கிற தோழர்கள், எலக்ட்ரிக்கல் படிக்கிற மாணவர்கள் யாராவது ஒரு ஞாயித்துக்கிழமை வந்து எங்க யூனிட் கணக்கைச் சரிபார்த்துக் கொடுங்கள். மத்தியானச் சோறு நாங்கள் போடுகிறோம்.